பெயரும் பெயர்வும்

தன்வரலாறு எழுதப் புகுவோர் தம் வாழ்வை முன், பின் என்று பகுக்கும் ஒரு நாளைத் தேடிக்கொள்கின்றனர். புனித அகுஸ்தினாருக்கு அது 386ஆம் ஆண்டில் மிலான் நகரத்துத் தோட்டமொன்றில் வாய்த்தது. அந்நாளின் ஒளியில் அவர் திரும்பிப் பார்க்கையில், சிறுவயதில் பேரிக்காய் திருடியதும், அன்னை மோனிக்காவை ஏமாற்றிவிட்டு உரோமைக்குக் கப்பலேறியதும் பழைய பொருளை இழந்து புதிய பொருளைப் பெறுகின்றன. 'நான் ஏன் அப்படி இருந்தேன்?' என்ற நெடுநாள் வினாவிற்கு விடை கிடைத்தவரின் நூல் அது.

இவ்வடிவத்தைத் தனதாக்கிக் கொண்ட நூல்வகை ஒன்று நம் காலத்தில் வளர்ந்திருக்கிறது. ஆளாகி, தொழில் தேடி, வாழ்வில் பாதி வழி வந்த பின்னர், 'உமக்கு இருப்பது ஆட்டிசம்' என்று மருத்துவர் சொல்லக் கேட்டவர்கள் எழுதும் தன்வரலாறுகளே அவை. இங்கும் ஒரு நாள் வருகிறது. அந்நாளுக்குப் பின் பள்ளிக்கூட முற்றத்துத் தனிமையும், புரியாமல் போன நகைச்சுவைகளும், காரணம் தெரியாமல் முறிந்த நட்புகளும் வேறு விதமாக வாசிக்கப்படுகின்றன. இவற்றுள் பலர் கைக்கும் சென்ற ஒரு நூல், ஆங்கிலேயராகிய டேனியல் டாமெட் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பார்ன் ஆன் எ புளூ டே'. 'நீல நாளில் பிறந்தவன்' என்று அதை இங்கே குறிப்பிடுவோம். இந்நூலை மட்டும் படித்து நிறுத்திக்கொள்பவர் ஆசிரியரைத் தவறாகப் புரிந்துகொள்வார் என்பதே நம் கருத்து. அவர் பிரான்சு நாட்டிற்குக் குடிபெயர்ந்த பின் எழுதியவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் முதல் நூலின் பலவீனமும், அந்தப் பலவீனத்தினின்று அவர் வெளியேறிய வழியும் தெளிவாகும்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஆட்டோஸ்' என்பது 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் வேறொரு மனநோயின் அறிகுறியைக் குறிக்க இதிலிருந்து 'ஆட்டிசம்' என்ற பெயரை ஆக்கினார். பின்னர் 1943இல் அமெரிக்காவில் லியோ கானரும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கரும் குழந்தைகளிடம் கண்ட ஓர் இயல்புக்கு இப்பெயரை வழங்கினர். தமிழில் 'மதியிறுக்கம்' என்று எழுதுகிறார்கள். மதி இறுகிவிட்டது என்று சொல்லப்பட்டவர் அதைக் கேட்டு என்ன நினைப்பார் என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மூலச் சொல்லும் அத்தனை நேர்மையானதன்று. தன்னுள்ளே அடைபட்டுக் கிடப்பவர் என்ற தீர்ப்பு அதனுள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. பெயரே தீர்ப்பாகிவிடும் இந்த இடர் டாமெட்டின் எழுத்து முழுவதையும் தொடர்ந்து வருகிறது.

அவர் 1979 ஜனவரி 31 அன்று இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், எளிய குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவர். அன்று புதன்கிழமை. எண்களையும் சொற்களையும் நாள்களையும் நிறங்களாகவும் வடிவங்களாகவும் உணரும் புலன்கலப்பு அவருக்கு உண்டு. புதன்கிழமை அவருக்கு நீலம். நூலின் தலைப்பு அதனால் வந்தது. குழந்தைப் பருவத்தில் வலிப்பு நோயும் இருந்தது. 2004இல், தம் இருபத்தைந்தாம் வயதில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சைமன் பாரன்-கோகன் குழுவினரிடம் சோதனைக்கு உட்பட்டபோது, அவருக்கு இருப்பது ஆஸ்பெர்கர் வகை என்று அறிந்துகொண்டார். அதே ஆண்டு மார்ச் 14 அன்று ஆக்ஸ்போர்டில், 'பை' என்னும் கணித எண்ணின் 22,514 இலக்கங்களை நினைவிலிருந்து ஐந்து மணி ஒன்பது நிமிடங்களில் ஒப்புவித்தார். வலிப்பு நோயாளருக்கான அறப்பணிக்கு நிதி திரட்டவே இதனைச் செய்தார். அடுத்த ஆண்டு அவரைப் பற்றிய தொலைக்காட்சிப் படம் வந்தது. அதற்காக ஐஸ்லாந்து மொழியை ஒரே வாரத்தில் கற்று அந்நாட்டுத் தொலைக்காட்சியில் உரையாடினார். உலகம் கைதட்டிற்று.

நூலின் நலிவு இங்கேதான் இருக்கிறது. காலையில் தாம் உண்ணும் ஓட்ஸ் கஞ்சி சரியாக 45 கிராம் இருக்க வேண்டும், அதற்கெனத் தராசு வைத்திருக்கிறேன் என்பது போன்ற செய்திகளை அவர் அடுக்குகிறார். ஒவ்வொன்றும் சுவையானது, ஒவ்வொன்றும் சான்றாவணம் போல நீட்டப்படுகிறது. அகுஸ்தினார் தம் நூல் முழுவதையும் இறைவனை முன்னிலையில் நிறுத்தி 'நீர்' என்று விளித்து எழுதினார். தம்மை முற்றும் அறிந்தவரிடம் பேசுவதால் அவர் எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. டாமெட்டின் முதல் நூலோ தம்மைச் சோதிப்பவரை நோக்கிப் பேசுகிறது. மேசைக்கு அப்பால் ஒருவர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கிறார் என்ற உணர்வு வாசிப்பவரை விட்டு நீங்குவதில்லை. தாம் மரங்களை நேசித்ததைச் சொல்லும்போதும் அது அன்பாக நின்றுவிடாமல் அறிகுறியாகிவிடுகிறது.

இந்த வகை எழுத்து ஐயத்தையும் வரவழைத்துக்கொள்ளும். ஜோஷுவா ஃபோயர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2011இல் வெளிவந்த தம் நூலில், டாமெட் முன்னர் நினைவாற்றல் போட்டிகளில் பங்கேற்றவர் என்பதைச் சுட்டி, அவருடைய திறன் இயல்பானதா, பயிற்சியால் வந்ததா என்று வினவினார். அறிவியலார் சிலர் அவரைச் சோதித்து அவர் கூற்றை ஏற்றும் எழுதியுள்ளனர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை, தேவையுமில்லை. வித்தையாக ஒரு வாழ்வு காட்டப்பட்டால் அதை வித்தையாகவே உலகம் சோதிக்கும். 1988இல் வந்த 'ரெயின் மேன்' திரைப்படத்திற்குப் பின், ஆட்டிசம் உள்ளவர் என்றாலே எண்களை மின்னலாய்க் கூட்டிப் பெருக்கும் அதிசயப் பிறவி என்று எதிர்பார்க்கப்படுகிறார். அத்தகைய திறன் ஏதும் இல்லாதவர்களே மிகப் பெரும்பாலோர். அவர்களுக்கு இந்தக் கைதட்டலால் ஒரு பயனும் இல்லை. 'அவரால் முடிகிறதே, உன்னால் ஏன் முடியவில்லை?' என்ற புதிய பாரம் ஏற்படுவதுதான் மிச்சம்.

ஆயினும் அந்த நூலினுள்ளேயே மற்றொரு நூல் மறைந்து கிடக்கிறது. 1998இல், பத்தொன்பது வயதில், பல்கலைக்கழகம் செல்லாமல், தொண்டராக லித்துவேனியா நாட்டின் கௌனாஸ் நகருக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றதைச் சொல்லும் பகுதி அது. தெருவைத் தனியே கடக்கத் தடுமாறிய இளைஞர், மொழி தெரியாத ஊரில், குளிரில், தனியே வாழப் புறப்படுகிறார். அங்கே அவருக்கு எதிர்பாராத விடுதலை கிடைக்கிறது. அவர் பேச்சிலும் பழக்கத்திலும் இருந்த வேறுபாட்டை அவ்வூரார், 'இவர் ஆங்கிலேயர், இப்படித்தான் இருப்பார்' என்று எளிதாக எடுத்துக்கொண்டனர். சொந்த ஊரில் குறையாக எண்ணப்பட்டது அயலூரில் அயல்நாட்டுத் தன்மையாக மட்டும் தோன்றியது. வழக்கு தெரியாதவருக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும், ஒன்றை இருமுறை விளக்குவதும், அவருடைய மௌனத்தைப் பொறுத்துக்கொள்வதும் விருந்தோம்பலின் பகுதிகளாயின.

இதை எழுதும்போது ஆசிரியர் சோதிப்பவரை மறந்துவிடுகிறார். நடையும் உயிர் பெறுகிறது.

தொடக்க நூலில் ஆபிராமுக்குப் புறப்படும்படி அழைப்பு வருவது பன்னிரண்டாம் அதிகாரத்தில். ஆபிரகாம் என்ற பெயர் கிடைப்பதோ பதினேழாம் அதிகாரத்தில். ஊரை விட்டுப் பெயர்ந்தது முன், பெயர் பெற்றது பின். டாமெட் வாழ்விலும் வரிசை இதுவே. கௌனாஸ் முதலில், கேம்பிரிட்ஜ் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர். நோய்க்குறியே அவரை விடுவித்தது என்று சொல்வதை இவ்வரிசை மறுக்கிறது. மருத்துவர் தந்த பெயர் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதில் ஐயமில்லை. தம் மேல் தாமே சுமத்திக்கொண்ட பழியை அது நீக்கியது. ஆனால் பொறுமைக்குக் காரணம் காட்டும் சீட்டாக மட்டுமே அது பயன்பட்டிருந்தால், அந்தப் பொறுமையை லித்துவேனியர் எந்தச் சீட்டும் கேளாமல் ஏற்கெனவே தந்திருந்தனர்.

குடும்பப் பெயரையும் அவர் தாமாகவே சட்டப்படி மாற்றிக்கொண்டவர். 'டாமெட்' என்பது எஸ்தோனிய மொழியில் ஓக் மரத்தைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. மரங்களை நேசித்தவர் தமக்கு மரத்தின் பெயரை இட்டுக்கொண்டார், அது நிலைத்தது. மருத்துவர் இட்ட பெயர் நிலைக்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் 2013இல் தன் கையேட்டிலிருந்து 'ஆஸ்பெர்கர்' என்ற தனிப் பிரிவை நீக்கி, யாவற்றையும் ஆட்டிசம் என்னும் ஒரே தொகுப்பினுள் அடக்கியது. 2018இல் வெளிவந்த வரலாற்று ஆய்வுகள், வியன்னா மருத்துவர் ஆஸ்பெர்கர் நாசி ஆட்சியின் குழந்தைக் கொலைத் திட்டத்திற்குத் துணைபோனதை வெளிப்படுத்தின. தாம் யார் என்பதை அந்தப் பெயரில் கண்டுகொண்ட பல்லாயிரவர் என்ன செய்வர்? பெயரை வீடாக்கிக் கொண்டவருக்கு இது வீடிழப்பு. டாமெட்டுக்கு அந்த இழப்பு பெரிதாக நேரவில்லை. ஏனெனில் அதற்குள் அவர் வேறு இடத்திற்கு வந்துவிட்டிருந்தார்.

அதற்குமுன் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி. டாமெட் 2002ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக் காலத்தில் கிறிஸ்தவ நம்பிக்கையை ஏற்றார். அவரை அங்கே அழைத்து வந்தவை செஸ்டர்டனின் எழுத்துகள். உணர்ச்சிப் பெருக்கால் வராமல், வாதத்தைப் படித்து, சீர்தூக்கி, அறிவின் வாயிலாக வந்தவர். இறைவன் தனித்திருப்பவர் அல்லர், அவருக்குள்ளேயே அன்புறவு இருக்கிறது என்னும் மூவொரு இறைவனின் மறைபொருள் தம்மைப் பெரிதும் கவர்ந்ததாக எழுதுகிறார். 'தான்' என்ற சொல்லால் பெயரிடப்பட்ட ஒருவர், உறவே இயல்பான இறைவனிடம் ஈர்க்கப்படுகிறார்! குருமடத்தில் கப்பதோக்கியத் தந்தையரைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதிய நாம், இந்த மறைபொருளை ஆண்டுக்கொரு ஞாயிறு மறையுரையில் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். உறவு கொள்ள இயலாதவர் என்று கருதப்பட்டவரே அதன் அருமையைக் கண்டிருக்கிறார்.

ஆனால் அதே பகுதியில், தாம் கோவிலுக்கு அடிக்கடி செல்வதில்லை என்றும் சொல்கிறார். சுற்றிலும் பலர் அமர்ந்தும் எழுந்தும் இருப்பது அவருக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. கூட்டமில்லாத வேளையில் கோவிலினுள் இருந்தால் அதன் அமைப்பும் சுவரில் பொறித்த எழுத்துகளும் அவர் உள்ளத்தைத் தொடுகின்றன. இவ்வரிகளை எளிதில் கடந்துபோக நமக்கு முடியவில்லை. ஒலிபெருக்கியின் அளவைக் கூட்டிக் கூட்டி, கைதட்டலும் மேளமுமே உயிருள்ள வழிபாடு என்று நம்பத் தொடங்கிவிட்ட பங்குகளில், தூணோரம் நிற்பவரும், சமாதான வாழ்த்துக்கு முன் நழுவி வெளியே போகிறவரும் 'பக்திக் குறைவு' என்ற தீர்ப்பையே பெறுகின்றனர். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்டிசத்தை மாற்றுத்திறன்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. ஆயினும் அப்பேச்செல்லாம் குழந்தைகளைப் பற்றியே நிகழ்கிறது. அக்குழந்தைகளைப் போன்றே பிறந்து, பெயரறியாமலே ஐம்பதைத் தாண்டிவிட்டவர்கள் நம்மிடையே இருப்பர். அவர்களை ஊரார் 'ஒரு மாதிரி' என்ற இரு சொற்களில் அடக்கிவிட்டனர்.

2008இல் டாமெட் பிரான்சில் குடியேறினார். முதலில் அவிஞோன் நகர், பின்னர் பாரீசு. மூளையின் ஆற்றல்களைப் பற்றியும் எண்களின் அழகைப் பற்றியும் இரு நூல்கள் 2009, 2012 ஆகிய ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வந்தன. முன்னது இன்னும் மருத்துவர் அறையினின்று முழுதும் வெளியேறாதது. பின்னது கட்டுரையாளராக அவர் காலூன்றிய நூல். 2016இல் சதுரங்க ஆட்டத்தை மையமாகக் கொண்ட 'மிஷென்கா' என்ற நாவலைப் பிரெஞ்சிலேயே எழுதினார். பிறமொழியில் எழுதுபவர் யாராயினும் சொல்லைத் தேடித் தயங்குவார். ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டே எடுப்பார். டாமெட் தாய்மொழியிலும் அப்படித்தான் இருந்தார். பிரெஞ்சு நாட்டில் அத்தயக்கம் எல்லா அயலாருக்கும் பொதுவானதாகிவிட்டது. கௌனாஸ் நகரில் தற்செயலாய்க் கிடைத்ததை இம்முறை அவர் தெரிந்தே தேர்ந்துகொண்டார் என்று தோன்றுகிறது.

ஆனால் அவருடைய மிகச் சிறந்த பணி மொழிபெயர்ப்பே என்பேன். பெயர், பெயர்வு, மொழிபெயர்ப்பு என்று நம் மொழி இம்மூன்றையும் ஒரே வேரில் கட்டி வைத்திருப்பதை எண்ணி வியக்கிறேன். ஆஸ்திரேலியக் கவிஞர் லெஸ் மரேயின் கவிதைகளைத் தேர்ந்து 2014இல் பிரெஞ்சில் வெளியிட்டார். மனிதரிடையே இருப்பது விளையாட்டன்று என்று பொருள்படும் தலைப்பு அத்தொகுப்பிற்கு. மரே 1938இல் பிறந்தவர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பன்யா என்னும் சிற்றூரின் பால்பண்ணையில் வளர்ந்தவர். திருமணத்தையொட்டிக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து, தம் நூல்களை இறைவனின் மாட்சிக்கெனக் காணிக்கையாக்கியவர். நகரத்தில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு 1980களின் நடுவில் பன்யாவிற்கே திரும்பி, 2019இல் இறக்கும்வரை அதை விடாமல் பாடியவர். இளமையில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவரும்கூட. அவர் மகனுக்கு ஆட்டிசம் உண்டு. அவ்வியல்பின் சாயல் தமக்கும் உண்டென்று அவரே சொல்லிவந்தார். தாம் கண்ட உலகை, தம்மைப் போலவே உணரும் ஒருவர் ஏற்கெனவே கவிதையாக்கியிருப்பதை டாமெட் கண்டது எத்தகைய சந்திப்பாக இருந்திருக்கும்! 2017இல் மொழிகளைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் இச்சந்திப்பை எழுதியிருக்கிறார். தம்மைப் பற்றிய அவர் எழுத்துகளில் நான் முதலிடம் தருவது அதற்கே. காரணம், அங்கே அவர் பேசுவது பெரும்பாலும் மரேயைப் பற்றி. 2024இல் வந்த 'நைன் மைண்ட்ஸ்' நூலில் இன்னும் ஒரு படி சென்று, இவ்வியல்புடைய ஒன்பது பேரின் கதைகளைச் சொல்லித் தாம் முற்றிலும் விலகி நிற்கிறார். ஒன்பது உடன்பிறந்தாருள் ஒருவர் மற்ற எண்மரையும் பார்க்கக் கற்றது போல இருக்கிறது.

மரே தம் மகனைப் பற்றி எழுதிய கவிதை 1996இல் வந்த தொகுதியில் உள்ளது. பையனுக்கு அப்போது பதினைந்து வயது. அடுத்தடுத்து நிற்கும் தனித்தனி வாக்கியங்கள்; இணைப்புச் சொல் அரிது. 'அவன்' இதைச் செய்கிறான், இதைக் கேட்கிறான் என்று ஒரு வரிசை. 'அது' இதை அவனுக்கு அனுமதிக்கிறது, இதை மறுக்கிறது என்று இடையிடையே மற்றொன்று. 'அது' என்பது ஆட்டிசம். தந்தையின் கண் மகனையும் அவனைப் பற்றியிருப்பதையும் ஓரிடத்திலும் குழப்பிக்கொள்வதில்லை. டாமெட்டின் முதல் நூலில் 'அது'வே பேசிற்று. இருபது ஆண்டுகளில் மெல்ல மெல்ல 'அவர்' பேசத் தொடங்கினார் என்று அவர் எழுத்து முழுவதையும் இக்கவிதையின் துணையோடு மதிப்பிடலாம்.

இக்கவிதையைப் பிரெஞ்சில் தருபவருக்கு ஓர் இடர் உண்டு. அம்மொழியில் ஆண்மகனுக்கும் ஆட்டிசத்திற்கும் சுட்டுப்பெயர் ஒன்றே. வேறு சொல்லைக் கொண்டு சுற்றிவளைத்தே வேறுபாட்டைக் காட்ட வேண்டும். தமிழில் பெயர்ப்பவருக்கு அந்த இடர் இல்லை. உயர்திணை, அஃறிணை என்று நம் முன்னோர் வரப்பிட்டுத் தந்திருக்கின்றனர். ஆனால் நமக்கென்று வேறோர் இடர் இருக்கிறது. குழந்தை அழுதது என்று அன்போடு அஃறிணையில் சொல்லும் நாம், வளர்ந்த பின்னும் சிலரை உயர்திணைக்கு ஏற்றுவதே இல்லை. 'அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்', 'அதுக்கு ஒன்றும் தெரியாது' என்று, ஐம்பது வயதுக்காரரைப் பற்றி, அவர் காதுபடவே வீட்டார் சொல்வதைப் பங்கில் எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கலாம். மரேயின் கவிதையைத் தமிழாக்கப் போகிறவர், 'அது' என்று எழுதும் ஒவ்வொரு முறையும், வாசிப்பவர் அதை ஆட்டிசமென்று கொள்வாரா, பையனென்று கொள்வாரா என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.